நிதி திரட்டுமுன் ஒன்று கூடுவோம்



நம் தமிழ்ப்பள்ளிகளில் ஏதேனும் ஒரு தேவை தலைகாட்டியவுடன் நம் நாவில் முதலில் வருகின்ற சொல் 'நன்கொடை' என்பதுதான். கணினி அறைக்குக் குளிரூட்டி வேண்டுமென்றால் நன்கொடை விருந்து. பாலர் வகுப்புக்குக் கூரை வேண்டுமென்றால் நன்கொடை அட்டை. விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை வேண்டுமென்றால் யாராவது ஒரு டத்தோவின் வாசல். நிதியை எப்படித் திரட்டுவது என்பதைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். திரட்டிய நிதியைத் தாங்கி நிற்கத்தக்க ஒரு கூட்டம் நம்மிடம் இருக்கிறதா என்பதைப் பற்றித்தான் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

இந்த எண்ணம் எனக்குள் வலுப்பெற்றதற்குக் காரணம், எங்கள் சிறுபட்டணத்தில் இயங்கும் ஒரு சேவைக் கழகம். சில ஆண்டுகள் விருந்தினனாகவும் பின்னர் உறுப்பினனாகவும் அதன் வாரக் கூட்டங்களில் அமர்ந்து பார்த்தவன் நான். மருந்துக்கடைக்காரர், சிற்றுந்துப் பட்டறை உரிமையாளர், மருத்துவர், ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர், காப்புறுதி முகவர் என மூவினத்தையும் சேர்ந்த இருபதுக்கும் குறைவானவர்களே அதன் உறுப்பினர்கள். அவர்களிடம் பெருஞ்செல்வம் இல்லை. ஆயினும், அவர்கள் ஒரு பணிக்கென்று கை நீட்டினால் ஊர் தயங்காமல் கொடுக்கிறது. அதே ஊரில் பள்ளியின் பெயரால் நாம் கை நீட்டும்போது, "போன தடவை வசூல் செய்தது என்ன ஆயிற்று?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

வாரம் ஒரு மணி நேரம்

சேவைக் கழகங்களின் வரலாறு பெரும்பாலோர் அறிந்ததே. 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய மூன்று நண்பர்களும் கூடிய கூட்டமே ரோட்டரி கழகமாக வளர்ந்தது. உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் அதற்குச் 'சுழற்கழகம்' என்று பொருள்படும் பெயர் வந்தது. அதே நகரில் 1917ஆம் ஆண்டு மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி வணிகரின் முயற்சியால் அரிமா சங்கம் தோன்றியது. ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கனடா நாட்டுக்காரர் 1928ஆம் ஆண்டு தொடங்கி ஆசிய நாடுகளில் பயணம் செய்து ரோட்டரி கழகங்களை நிறுவினார். சிங்கப்பூரின் முதல் ரோட்டரி கழகம் 1930ஆம் ஆண்டு பிறந்தது அந்தப் பயணத்தின் பயனாகத்தான்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர்கள் முதலில் கூடினார்கள், பிறகுதான் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அது நட்புக்காகவும் தொழில் உறவுக்காகவும் கூடிய கூட்டமே. வாரந்தோறும் முகம் பார்த்துப் பழகியதால் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையின் மேல்தான் சேவை எழுந்தது. அவர்கள் முன்னின்று தொடங்கிய முதல் பொதுப்பணி எது தெரியுமா? சிகாகோ நகரில் ஒரு பொதுக் கழிப்பறை. பெயர்ப்பலகை பொறிப்பதற்கும் மாலை மரியாதைக்கும் சற்றும் பொருந்தாத பணி! எந்தப் பணிக்கு ஆள் வரமாட்டார்களோ அந்தப் பணியைச் செய்து முடிக்கக் கூடிப் பழகிய ஒரு கூட்டத்தால்தான் இயலும். மாணவர்களின் கழிப்பறைக் கதவு உடைந்து கிடந்தும் அதற்கென்று ஒரு புரவலர் கிடைக்காமல் அலைந்த தலைமையாசிரியர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

வாரக் கூட்டத்தின் நடைமுறை மிக எளியது. குறித்த நேரத்தில் மணி அடிக்கப்படும். வந்தவர் மூவரே ஆனாலும் கூட்டம் தொடங்கிவிடும். வருகை பதிவு செய்யப்படும். விருந்தினர் ஒருவர் இருபது நிமிடம் பேசுவார். காவல்துறை அதிகாரி, தீயணைப்பு வீரர், விவசாயி, சில வேளைகளில் என்னைப் போன்ற ஆசிரியர் என்று பலர் வந்து பேசுவதுண்டு. நடந்துகொண்டிருக்கும் பணிகளுக்குப் பொறுப்பானவர்கள் ஓரிரு வரிகளில் நிலவரம் சொல்வார்கள். பொருளாளர் கையிருப்பைச் சொல்வார். மறுபடி மணி அடிக்கும், கூட்டம் முடியும். தலைவருக்குப் புகழுரை இல்லை. பொன்னாடை இல்லை. "இரண்டொரு வார்த்தைகள்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுகின்ற சிறப்புப் பேச்சாளரும் இல்லை.

வார வருகையில் ரோட்டரி கழகத்தார் முன்பு மிகக் கண்டிப்பாக இருந்தனர். தம் கழகக் கூட்டத்தைத் தவறவிட்டவர் வேறோர் ஊர்க் கழகத்தின் கூட்டத்திற்குச் சென்று ஈடுசெய்துகொள்ளும் முறைகூட வகுக்கப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டில்தான், மாதம் இரண்டு கூட்டமேனும் நடந்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆயினும், எங்கள் ஊர்க் கழகத்தின் மூத்த உறுப்பினர்கள் வாரக் கூட்டத்தைக் கைவிட ஒப்பவில்லை. காரணம் கேட்டேன். "மாதம் ஒருமுறை பார்த்தால் சம்பளக்காரன் மாதிரி. வாரம் ஒருமுறை பார்த்தால் சொந்தக்காரன் மாதிரி" என்றார் பட்டறைக்காரர். அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

சில்லறைப் பெட்டியும் பெருநிதியும்

கூட்டத்தின் நடுவே ஒரு பெட்டி சுற்றி வரும். தாமதமாக வந்தவர், கழகச் சின்னத்தை அணிய மறந்தவர், கைத்தொலைபேசி ஒலித்தவர் எல்லாரும் தண்டத்தொகையாக ஓரிரு வெள்ளி போட வேண்டும். மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர் மகிழ்ச்சிக்காகத் தாமாகவே பத்து வெள்ளி போடுவார். சிரிப்பும் கிண்டலுமாக அது நடந்தேறும். பார்ப்பவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். ஆனால், அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. ஊராரிடம் கேட்பதற்கு முன் ஒவ்வொரு வாரமும் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். கொடுத்துப் பழகாத கை கேட்கும்போது கூசும். அல்லது கூச்சமே இல்லாமல் கேட்கும். இரண்டுமே நல்லதன்று.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது வெறும் பழமொழியன்று. இளம்பிள்ளை வாதத்தை உலகிலிருந்து ஒழிக்க ரோட்டரி இயக்கம் 1985ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்திற்கு 12 கோடி அமெரிக்க டாலர் திரட்டுவதே இலக்காக இருந்தது. 1988ஆம் ஆண்டுக்குள் 24 கோடியே 70 இலட்சம் டாலர் திரண்டுவிட்டது. அதில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான சிற்றூர்க் கழகங்களின் பங்கும் இருந்தது. உணவுச் சந்தை நடத்தியும் நெடுநடை நடந்தும் அவர்கள் சேர்த்தது அது. வாரந்தோறும் கூடுகின்ற பழக்கம் அவ்வூர்களில் முன்பே இல்லாதிருந்தால், அந்த அழைப்பு யார் காதில் விழுந்திருக்கும்?

இரண்டு கணக்குகள்

அக்கழகங்களிடமிருந்து நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் உடனடியாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டென்றால், அது கணக்கு முறைதான். அரிமா சங்கத்தில் இது எழுதப்பட்ட விதி. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே திரும்பிச் செல்ல வேண்டும். சங்கத்தின் நிருவாகச் செலவு, கூட்டத்துச் சாப்பாடு, அஞ்சல்தலை முதலியன உறுப்பினர் கட்டும் சந்தாவிலிருந்தே வர வேண்டும். இரண்டிற்கும் தனித்தனிக் கணக்கு. ஒன்றின் பணம் மற்றொன்றில் கலக்கக் கூடாது.

நம்மிடையே என்ன நடக்கிறது? குளிரூட்டிக்கென்று திரட்டிய பணத்திலிருந்து ஆண்டுக் கூட்டத்திற்குச் சிற்றுண்டி வாங்குகிறோம். பரிசளிப்பு விழாவிற்கு வந்த நன்கொடையில் மீந்ததைப் பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம். யாரும் திருடவில்லை, ஒரு காசும் வெளியே போகவில்லை. ஆனால், கேட்டபோது சொன்ன காரணம் வேறு, செலவிட்ட காரணம் வேறு. கொடுத்தவர் பள்ளிக்கு வந்து பார்க்கிறார். குளிரூட்டி இல்லை. அவருக்கு விளக்கம் சொல்ல யாருமில்லை. அடுத்த முறை அவர் கொடுக்கப் போவதில்லை. அவர் சொல்லக் கேட்ட பத்துப் பேரும் கொடுக்கப் போவதில்லை. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். நாம் பள்ளியில் போடுவதையே அளக்காமல் போடுகிறோம்.

விருந்துக் கணக்கு

நாம் பெரிதும் நம்பியிருக்கும் நன்கொடை விருந்தை ஒரு நிமிடம் கணக்கிட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒரு மேசை 1,000 வெள்ளி வீதம் 30 மேசைகள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 30,000 வெள்ளி. மேசைக்கு 500 வெள்ளி வீதம் சாப்பாட்டுக்கு 15,000 வெள்ளி. மண்டபம், ஒலிபெருக்கி, பாடகர்கள், மாலை, நினைவுச் சின்னம், அழைப்பிதழ் எல்லாமாக 6,000 வெள்ளி. மிஞ்சுவது 9,000 வெள்ளி. இதற்காக ஆசிரியர்கள் இரண்டு மாதம் மேசை விற்றிருப்பார்கள். விற்காத மேசையைத் தாமே வாங்கிக்கொண்டவர்களும் இருப்பார்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. 60 குடும்பங்கள் வாரத்திற்கு 2 வெள்ளி வீதம் பள்ளி நடக்கும் 40 வாரங்கள் மனமுவந்து போட்டால் 4,800 வெள்ளி. விருந்தைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால், இதில் சாப்பாட்டுச் செலவு இல்லை. யாருடைய வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் போட்ட அறுபது குடும்பங்களும் அந்தப் பணம் என்னவாயிற்று என்று கவனிக்கும். கவனிக்கும் பெற்றோரைத்தான் நம் பள்ளிகள் இழந்து வருகின்றன. விருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடம் போன்ற பெரிய தேவைகளுக்கு, குறிப்பாக அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகளுக்கு, அது தேவைப்படலாம். ஆனால், அது ஆண்டு முழுதும் கூடுகின்ற ஒரு கூட்டத்தின் அறுவடையாக இருக்க வேண்டும். கூட்டமே இல்லாத குறையை மறைக்கும் திரையாக இருக்கக் கூடாது.

நமக்கு இது புதிதன்று

"இதெல்லாம் ஆங்கிலம் படித்தவர்களின் பழக்கம், நமக்கு ஒத்துவராது" என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1950களில் தமிழவேள் கோ.சாரங்கபாணி, தமிழ் முரசின் வழியாக மாணவர் மணிமன்றத்தை வளர்த்தெடுத்தார். அவ்வழியில் மலாயாவின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் மணிமன்றங்கள் எழுந்தன. பேசவும் எழுதவும் கூட்டம் நடத்தவும் நம் இளைஞர்கள் பழகியது அங்கேதான். அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்காக அவர் தொடங்கிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளியென எளிய மக்கள் கொடுத்தார்கள். 1960ஆம் ஆண்டு துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது.

இவையெல்லாம் பெருந்தலைவர்களின் செயல் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஒரு வெள்ளி கொடுத்தவர்க்கும் அந்தச் செய்தி கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது. கேட்டுப் பேசி விளங்கிக்கொள்ள ஊர்தோறும் ஒரு திண்ணையோ, ஒரு மன்றமோ, ஒரு வாசகசாலையோ இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபோது, நாம் வீட்டை மட்டும் இழக்கவில்லை. கூடிப் பேசும் இடத்தையும் இழந்தோம். இன்று அந்த இடத்தைப் புலனக் குழு நிரப்பியிருக்கிறது. அறிவிப்புக்கு அது போதும். நம்பிக்கைக்கு அது போதாது.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாதவை

சேவைக் கழகங்களைக் கண்மூடிப் புகழ்வது என் நோக்கமன்று. அவற்றிலும் குறைகள் உண்டு. ஆண்டுதோறும் சூலை முதல் நாள் தலைவர் மாறிவிடுவதால், ஒவ்வொருவரும் தம் ஓராண்டில் ஒரு பெயர் பொறிக்க விரும்புகிறார்கள். இரண்டாம் ஆண்டில் நீர் ஊற்ற ஆளின்றிப் பட்டுப்போன திட்டங்கள் பல. (ஒரே நாற்காலியில் பதினைந்து ஆண்டு அமர்ந்திருக்கும் நம் தலைவர்களுக்கு இந்த நோய் இல்லை, அவர்களுடைய நோய் வேறு!) பெண்களுக்கு அரிமா சங்கம் 1987ஆம் ஆண்டில்தான் கதவைத் திறந்தது, ரோட்டரி விதியும் 1989ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. அந்தத் தாமதத்தை நாம் பின்பற்றவே கூடாது. பள்ளிக் கூட்டங்களுக்கு வருகின்றவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். மேடையில் அமர்கின்றவர்களில் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை வருத்துவது, மாதிரிக் காசோலையும் அதனருகே நிறுத்தப்படும் பிள்ளையும்தான். முன்பொருமுறை ஒரு பள்ளியில், காலணி வழங்கும் நிகழ்ச்சிக்குப் பிரமுகர் வரத் தாமதமானதால் வசதி குறைந்த மாணவர்கள் தனி வரிசையில் ஒரு மணி நேரம் நின்றிருந்ததை நான் கண்டிருக்கிறேன். மற்ற மாணவர்கள் வகுப்பறைச் சன்னல் வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்தக் காலணியை மறுநாள் அணிந்து வரவில்லை. பழைய காலணியோடுதான் வந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

கொடுப்பவரின் மகிழ்ச்சிக்காக வாங்குபவரின் முகத்தை விற்பது அறமாகாது. எங்கள் ஊர்க் கழகம் இதில் ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறது. பள்ளி தொடங்குவதற்கு முன்னரே காலணி அளவுகளை மட்டும் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குகிறார்கள், பெயர்களைக் கேட்பதில்லை. பொருள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படுகிறது. படமெடுக்க வேண்டுமென்றால் பெட்டிகளைப் படமெடுத்துக் கொள்கிறார்கள். வாரந்தோறும் கூடிப் பழகியவர்களுக்குத் தாங்கள் கொடுத்ததை ஊருக்கு மெய்ப்பிக்கப் பிள்ளையின் முகம் தேவைப்படவில்லை.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கென 1998ஆம் ஆண்டின் விதிமுறைகள் இருக்கின்றன. ஆண்டுக் கூட்டமும் செயற்குழுவும் கணக்குத் தணிக்கையும் சட்டப்படி உள்ளவையே. அவற்றை மீறாமலேயே பின்வருவனவற்றைத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

1. வாரம் ஒருநாள், பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் வருகின்ற நேரத்தில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாற்பது நிமிடம் கூடுவோம். வந்தவர் ஐவரானாலும் தொடங்குவோம். நேரத்தில் முடிப்போம்.

2. ஒவ்வொரு வாரமும் ஒரு பெற்றோர் தம் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசட்டும். பாரவுந்து ஓட்டுநருக்கும் தொழிற்சாலை ஊழியருக்கும் பள்ளியில் ஒரு மேடை கிடைக்கட்டும். தாம் பேசிய இடத்தைத் தமக்குரிய இடமாகக் கருதுவது மனித இயல்பு.

3. மூடிய உண்டியல் ஒன்றைச் சுற்றி விடுவோம். யார் எவ்வளவு போட்டார் என்று எழுத வேண்டாம். போடாதவரைப் பார்க்கவும் வேண்டாம். ஆனால், எல்லார் முன்னிலையிலும் எண்ணி, அன்றே அறிவிப்புப் பலகையில் எழுதி, பள்ளிக் கணக்கில் முறைப்படி சேர்ப்போம்.

4. ஒரு தேவைக்குத் திரட்டியதை அந்தத் தேவைக்கே செலவிடுவோம். மிஞ்சினால் கொடுத்தவர்களிடம் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு மாற்றுவோம். சங்கத்துத் தேநீர்ச் செலவைச் செயற்குழுவினர் தம் பையிலிருந்து கொடுப்போம்.

5. பிள்ளைகளின் கையில் நன்கொடை அட்டை கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்புவதை அறவே நிறுத்துவோம். வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு உரிமம் கோரும் சட்டம் 1947ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் உண்டு. சட்டம் இருக்கட்டும்; படிக்க வந்த பிள்ளையை இரக்கப் பழக்குவது ஆசிரியர் தொழிலுக்கே இழுக்கு.

"ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைச் சுமை அதிகம். இதில் வாரக் கூட்டம் வேறா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லா ஆசிரியரும் எல்லா வாரமும் வர வேண்டியதில்லை. முறைவைத்து வாரத்திற்கு ஓர் ஆசிரியர் வந்தால் போதும். கூட்டத்தை நடத்த வேண்டியவர்கள் பெற்றோர்களே. மூன்று முறை வேலை பார்க்கும் தொழிற்சாலைப் பெற்றோரால் வாரந்தோறும் வர இயலாது என்பதும் உண்மை. அவர் மாதம் ஒருமுறை வரட்டும். அவர் வருகிற நாளில் கூட்டம் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம். கோயில் நடை நாள்தோறும் திறந்திருப்பதால்தான், ஆண்டுக்கொருமுறை வருபவருக்கும் சாமி கிடைக்கிறது.

மாணவர் எண்ணிக்கை குறைந்து, பத்துக்கும் இருபதுக்கும் இடையே ஊசலாடுகின்ற சிறு பள்ளிகள் நம்மிடம் பல உள்ளன. அப்பள்ளிகளைக் காக்க வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். புதுக்கூரையும் குளிரூட்டியும் மட்டும் அவற்றைக் காத்துவிடா. தன் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஓர் இளந்தாய் முடிவெடுக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் அப்பள்ளியைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்கிறார். வாரந்தோறும் பள்ளிக்கு வந்து போகின்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தால், அவர் சொல்வதற்கு நல்ல செய்தி ஏதேனும் இருக்கும்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! அடுத்த நன்கொடை விருந்துக்கு மண்டபம் பார்ப்பதற்கு முன், அடுத்த வாரம் சிற்றுண்டிச்சாலையில் பத்து நாற்காலிகளைப் போடுங்கள். முதல் வாரம் நான்கு பேர்தான் வருவார்கள். மறுவாரமும் அதே நேரத்திற்குப் போடுங்கள்.